வஞ்சிரம் எண்களாகப் போகிறது: எக்ஸ்எம்எல் வெளியீட்டை என் பிடியில் வைப்பது எப்படி?

முதுநகர்க்காரன்:
கடலூர் முதுநகர் துறைமுகத்தில் என் மாமா மீன் ஏலம் எடுக்கிறார். அன்றைய விலைப் பட்டியலைப் புதுச்சேரியில் ஒரு குளிர்பதனக் கிடங்கின் கணினி, காலை ஆறு மணிக்கு என் பிஎச்பி நிரலிடம் எக்ஸ்எம்எல்லாக (தரவை டேக் என்னும் பெயர்க் குறிகளுக்கு நடுவே வைத்து அனுப்பும் வடிவம்) கேட்டு வாங்கிக்கொள்ளும். ஒரு வாரமாக மூன்று தொல்லைகள்.

நான் கொடுக்கும் "வஞ்சிரம்", எழுத்துக்கு எழுத்து ஓர் ஆம்பர்சண்ட், ஒரு ஹாஷ், ஓர் எண் என்று வெளியே போகிறது. உலாவியில் வஞ்சிரமாகத்தான் தெரிகிறது. கிடங்கின் திரையில் மட்டும் எண்கள். அடுத்து, குறிப்பு காலியாக இருந்தால் <குறிப்பு/> என்று சுருங்கிவிடுகிறது. அவர்களுக்கு <குறிப்பு></குறிப்பு> என்று விரித்தே வேண்டுமாம். (டேக் பெயர்கள் நிரலில் ஆங்கிலம்தான், இங்கே தமிழில் எழுதுகிறேன்.) மூன்றாவதில்தான் மானம் போனது. "& சன்ஸ்" என்று முடியும் ஒரு கடைப் பெயர் பாதியிலேயே நின்றுவிட்டது. "அப்பாவோடு நிறுத்திவிட்டீர்களே, பிள்ளைகள் நாங்கள் எங்கே?" என்று மாமாவிடம் சண்டைக்கு வந்துவிட்டார்கள்.

பிஎச்பியில் எக்ஸ்எம்எல்லைக் கையாளும் சிம்பிள்எக்ஸ்எம்எல்லில், எல்லாவற்றையும் சுற்றி நிற்கும் வெறும் வேர் டேக் ஒன்றில் தொடங்கி, ஆட்சைல்ட் மூலம் சேர்த்து, அஸ்எக்ஸ்எம்எல் மூலம் வெளியிடுகிறேன். கடைசியில் ஒரு சரத்தை இன்னொன்றாக மாற்றும் ஸ்டர்ரீப்ளேஸ் போட்டு ஒட்டுப்போட்டுவிடலாமா?

லாஸ்பேட்டை:
வேண்டாம் தம்பி. அந்த ஒட்டு முதல் மழைக்கே ஒழுகும்.

சிம்பிள்எக்ஸ்எம்எல்லுக்கு அடியில் இருப்பது லிப்எக்ஸ்எம்எல் நூலகம். ஆவணத்தின் எழுத்துக் குறியாக்கம் என்னவென்று நீங்கள் சொல்லாவிட்டால், ஆஸ்கிக்கு (அடிப்படை ஆங்கில எழுத்துகளின் தொகுப்பு) வெளியே உள்ள ஒவ்வோர் எழுத்தையும் அது எண்ணாக்கி அனுப்பும். "வ" யூனிகோடில் 2997. அந்த எண்ணைப் பதினாறடிமானத்தில் எழுதி அனுப்புகிறது, அவ்வளவுதான். எக்ஸ்எம்எல்லைப் பொறுத்தவரை எழுத்தும் எண்ணும் ஒன்றே. காலி டேக்கும் அப்படித்தான், இரண்டு வடிவத்துக்கும் ஒரே பொருள். ஆக, கிடங்குக்காரர்கள் எக்ஸ்எம்எல்லை முறையாகப் படிக்காமல் கத்தரிக்கோலால் வெட்டி எடுக்கிறார்கள் என்பது என் ஊகம். 1998இல் வந்த தரம் இது, இன்னுமா! ஆனால் அவர்களைத் திருத்துவதைவிட உங்கள் நிரலைத் திருத்துவது எளிது.

வேர் டேக்குக்கு முன்னால் எக்ஸ்எம்எல் அறிவிப்பு வரியை என்கோடிங் யுடிஎஃப்-8 (யூனிகோடு எழுத்துகள் எல்லாவற்றையும் தாங்கும் குறியாக்கம்) என்ற சொல்லோடு சேர்த்துத் தொடங்குங்கள், தமிழ் தமிழாகவே போகும். காலி டேக்கை விரிக்க அஸ்எக்ஸ்எம்எல்லில் வழி இல்லை. டாம்இம்போர்ட்சிம்பிள்எக்ஸ்எம்எல் கொண்டு டாமுக்கு (பிஎச்பியில் எக்ஸ்எம்எல்லைக் கையாளும் இன்னொரு வழி) மாற்றி, அதன் ஓனர்டாக்குமென்டில் சேவ்எக்ஸ்எம்எல்லை அழையுங்கள். முதல் இடத்தில் "நல்" என்னும் வெற்று மதிப்பு, இரண்டாவதில் லிப்எக்ஸ்எம்எல்-நோஎம்ப்டிடேக்.

"&" விஷயத்தில் மட்டும் கிடங்கின்மேல் பழி இல்லை. ஆட்சைல்ட் தனக்குத் தரும் மதிப்பில் "&"ஐ மாற்றி எழுதாது; அதை ஏதோ குறியீட்டின் தொடக்கம் என்று எண்ணி, எச்சரிக்கை ஒன்றைப் பிழைப் பதிவேட்டில் போட்டுவிட்டு, மீதியை விட்டுவிடும். மதிப்பை ஆட்சைல்டில் தராமல் டேக்கின் பெயருக்கு முன் அம்புக்குறி போட்டு, சமக்குறியால் நேரடியாக ஒப்படைத்தால் தானே மாற்றிக்கொள்ளும்.

நெல்லித்தோப்பு:
லாஸ்பேட்டை சொன்னதோடு ஒன்று. யுடிஎஃப்-8 என்று அறிவித்தால் மட்டும் தரவு யுடிஎஃப்-8 ஆகிவிடாது. எங்கள் புதுச்சேரியில் தலையில் கோடு போட்ட பிரெஞ்சு எழுத்துகளோடு பெயர் வைத்திருப்பவர்கள் உண்டு. பழைய தரவுத்தளத்திலிருந்து அந்தப் பெயர்களை எடுத்து, ஏற்கெனவே யுடிஎஃப்-8க்கு மாற்றியதை யுடிஎஃப்8என்கோட் என்னும் பிஎச்பி செயற்கூறால் மறுபடியும் மாற்றி, ஓர் எழுத்தை இரண்டு குப்பை எழுத்தாக்கியவன் நான். அந்தச் செயற்கூறைப் பிஎச்பி 8.2இலிருந்து கைவிடத்தக்கது என்று அறிவித்துவிட்டார்கள்.

முதுநகர்க்காரன்:
அண்ணா, பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். அந்த எச்சரிக்கை ஒரு வாரமாக வரிசை கட்டி நிற்கிறது. நான்தான் பார்க்கவில்லை.

மூன்றையும் சரிசெய்த பிறகும் நேற்றுக் காலை கிடங்கு மொத்தப் பட்டியலையும் மறுத்துவிட்டது: அறிவிப்பு வரி ஆவணத்தின் தொடக்கத்தில் இல்லையாம். தேடிப் பார்த்தால், தரவுத்தள இணைப்புக் கோப்பில் பிஎச்பியை மூடும் ?> குறிக்குக் கீழே நான் விட்ட காலி வரிகள்! அந்தக் குறியையே நீக்கிவிட்டேன். இன்று சங்கரா, நெத்திலி, வஞ்சிரம் எல்லாம் தமிழிலேயே போயின. "சன்ஸ்" கடைக்காரர்களுக்குத் திரையைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார் மாமா. இன்னும் பதில் வரவில்லை.