வயிற்று அடைப்புக்கு பைபாஸா, ஸ்டென்ட்டா? எங்கள் வீட்டில் நடந்தது

மூத்தமகள்:
அப்பாவுக்குக் கணையத் தலையில் புற்றுநோய். முன்சிறுகுடல் அடைபட்டு, முந்தைய நாள் மதியம் சாப்பிட்டது மறுநாள் இரவு அப்படியே வெளியே வந்தது. ஸ்டென்ட் (அடைபட்ட இடத்தில் வைத்து வழி திறக்கும் வலைக்குழாய்) வேண்டாம், பைபாஸ் (அடைப்பைத் தாண்டிப் போக மாற்று வழி) செய்துவிடலாம் என்று கையெழுத்துப் போட்டவள் நான். லேப்ராஸ்கோப்பியில் இரைப்பையைச் சிறுகுடலோடு இணைத்தார்கள். எட்டாம் நாளும் மூக்குக் குழாய் இருந்தது; பை நிறையப் பச்சைத் தண்ணீர். மருந்து குடிக்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயில் இணைப்பு திறந்தே இருந்தது. இரைப்பைதான் அசையவில்லை, பொறுத்திருங்கள் என்றார் மருத்துவர். அப்பா குழாயைத் தொட்டுக் காட்டி, "சாப்பிடத்தானேம்மா இந்த ஆபரேஷன்?" என்று கேட்டார். 14ஆம் நாள் குழாயை எடுத்தார்கள். அதன்பின் ஐந்து மாதம் வாய்வழியாகவே சாப்பிட்டார். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

கரையோரம்:
நாங்கள் ஸ்டென்ட் வைத்தோம். மறுநாள் மாலையே அம்மா அரை டம்ளர் பழச்சாறு குடித்தார். குடித்த பிறகும் டம்ளரைக் கீழே வைக்கவில்லை; வாந்தி வந்தால் பிடிக்க மடியிலேயே வைத்திருந்தார். வரவில்லை. 11ஆம் வாரம் வந்தது. ஸ்டென்ட் வலையின் கண்கள் வழியே கட்டி உள்ளே வளர்ந்திருந்தது. அதற்குள் இன்னொரு ஸ்டென்ட் வைத்தார்கள். பிறகு மஞ்சள் காமாலை. பித்தநாள வாயை ஸ்டென்ட் மறைத்துவிட்டதால், விலாப் பக்கமாக ஊசி குத்திப் பித்தத்தை வடித்தார்கள். சகோதரி, நீங்கள் எடுத்த முடிவு சரிதான். பைபாஸ்தான் எப்போதும் நல்லது.

நிழற்குடை:
'எப்போதும்' என்பதை ஏற்க மாட்டேன். பைபாஸையும் ஸ்டென்ட்டையும் ஒப்பிட்டு 2010இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு, இரண்டு மாதமோ அதற்கு மேலோ உயிர்வாழ வாய்ப்புள்ளவர்களுக்குத்தான் அறுவை சிகிச்சையைப் பரிந்துரைத்தது. அதிலும் இருந்தவர்கள் 39 பேர்தான். வயிற்று உறையெங்கும் கட்டி பரவி, கீழே குடலும் பல இடங்களில் அடைபட்டிருந்தால் இரண்டுமே உதவாது.

என் அண்ணனுக்கு இரைப்பையின் கீழ்ப்பகுதியில் கட்டி. இரைப்பையைப் பிரித்து பைபாஸ் செய்தார்கள். ஆறாம் நாள் சாப்பிட்டார். என் கதை அவ்வளவுதான். இதைப் படிக்கும் மற்றவர்கள் அறுவை மருத்துவரிடம் அந்த முறையைப் பற்றி அவசியம் கேளுங்கள். ஸ்டேப்ளரால் இரைப்பையைக் குறுக்கே பிரித்து, உள்வளைவு ஓரமாக 2 அல்லது 3 சென்டிமீட்டர் வழி மட்டும் விடுவார்கள். உணவு கட்டியின் பக்கம் போய்த் தேங்காமல் புதிய இணைப்புக்கே போகும். இரைப்பை மந்தமாகக் கிடக்கும் தொல்லையும் குறையலாம். விட்டுவைத்த வழியில், அடைப்புப் பக்கம் சுரக்கும் நீர் திரும்பி வரும், எண்டோஸ்கோப்பும் நுழையும். எண்டோஸ்கோப் நுனியில் உள்ள அல்ட்ராசவுண்ட் உதவியுடன், வயிற்றைக் கீறாமலே இரைப்பைக்கும் சிறுகுடலுக்கும் நடுவே ஸ்டென்ட் வைத்து வழி திறப்பதும் உண்டு. அதற்குக் கை பழகியவர் வேண்டும். வயிற்றில் நீர் அதிகம் கோத்திருந்தால் கடினம். காமாலை வரக்கூடும் என்றால் பித்தநாளத்துக்கு என்ன செய்வது என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

மூத்தமகள்:
நிழற்குடை, பிரித்துச் செய்யும் முறை ஒன்று இருப்பதாக எங்களிடம் யாரும் சொல்லவில்லை. கேட்க எனக்கும் தெரியவில்லை. கரையோரம், முடிவு சரியா தவறா என்று நான் கேட்கவில்லை. குழாய் இரண்டு வாரம்கூட இருக்கலாம் என்று முன்பே தெரிந்திருந்தால், அப்பாவிடம் சொல்லி வைத்திருப்பேன். அன்று என்னிடம் பதில் இல்லை. பஞ்சை நனைத்து அவர் உதட்டில் வைத்தேன். அதை விடாமல் சப்பினார்.