கடிகாரத்தைப் பொருத்தினேன், வண்டி கண்டுகொள்ளவில்லை

ஹாரோ, லண்டன்

என்னுடையது 2007 மாடல் போர்ஷே கேமன் எஸ். 3.4 லிட்டர் இன்ஜின், 295 குதிரைத்திறன், கையால் மாற்றும் ஆறு கியர். முதலில் வாங்கியவர் சொகுசுப் பிரியர் போலிருக்கிறது. தோல் இருக்கை, இருக்கைக்குச் சூடு என்று கேட்டு வாங்கியவர், ஓட்டுகிறவனுக்கு ஆகிற பொருள் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. முன்பக்க மூடியைத் தூக்கினால் உள்ளே ஒரு ஸ்டிக்கர் இருக்கும். தொழிற்சாலையில் கூடுதலாகப் பொருத்தியவை எல்லாம் அதில் குறியீடுகளாக அச்சாகியிருக்கும். 640 என்றால் ஸ்போர்ட் குரோனோ (கடிகாரமும் ஸ்போர்ட் பொத்தானும் கொண்ட தொகுப்பு), 475 என்றால் பாஸம் சஸ்பென்ஷன் (ஷாக் அப்சார்பரின் இறுக்கத்தை மின்னணு முறையில் மாற்றுவது), எக்ஸ்.எல்.எஃப். என்றால் ஸ்போர்ட் எக்ஸாஸ்ட். என் வண்டியின் ஸ்டிக்கரில் இவற்றில் ஒன்றும் இல்லை.

சரி, நாமே போட்டுக்கொள்வோம் என்று இறங்கினேன். வெளிச்சந்தையில் பாதி விலைக்குச் சாமான் கிடைக்கும்தான். ஆனால் இங்கே போர்ஷே வாரன்டி எடுக்க வேண்டுமானால் வண்டி 111 அம்சச் சோதனையில் தேற வேண்டும். அசல் பாகம் அல்லாத ஒன்று கண்ணில் பட்டால் பேச்சு முறிந்துவிடும். அதனால் அசல் பாகம்தான் என்று முடிவு செய்தேன்.

முதலில் கடிகாரம். ஸ்போர்ட் குரோனோ உள்ள வண்டிகளில் டாஷ்போர்டின் உச்சியில் உருண்டையாக உட்கார்ந்திருக்குமே, அதுதான். உடைத்து விற்கும் வண்டி ஒன்றிலிருந்து எடுத்ததை இணையத்தில் வாங்கினேன். பழைய துண்டில் சுற்றி அனுப்பியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நெளிந்து வளைந்து பொருத்தி முடித்தேன். கொலுவில் வைத்த செட்டியார் பொம்மைபோலக் கம்பீரமாக இருந்தது, அவ்வளவுதான். முள் நகரவில்லை. ஸ்போர்ட் பொத்தானை அழுத்தினால் விளக்கும் எரியவில்லை.

பழுது பார்ப்பவரிடம் போனபோதுதான் விஷயம் புரிந்தது. கடிகாரமும் பொத்தானும் வெறும் முகம்தான். உயிர் இருப்பது இன்ஜினை ஆளும் கணினியில். 'இந்த வண்டிக்கு ஸ்போர்ட் குரோனோ உண்டு' என்று அதற்குச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்ல, வண்டியின் சேஸிஸ் எண்ணுக்கென்றே நிறுவனம் தரும் குறியீட்டெண் தேவை. அதைப் போர்ஷேயின் சோதனைக் கருவி வழியாக ஏற்ற வேண்டும். ஒயரும் இழுக்க வேண்டும். குறியீட்டெண், ஒயர், கூலி எல்லாம் சேர்ந்து கடிகாரத்தின் விலையைத் தாண்டிப் போய்விட்டது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். ஒரு குதிரைத்திறன்கூடக் கூடவில்லை. ஸ்போர்ட் பொத்தானை அழுத்தினால், பாதத்தின் அதே அழுத்தத்துக்கு ஆக்ஸிலரேட்டர் அதிகமாகத் திறக்கிறது. சறுக்கலைத் தடுக்கும் மின்னணுக் காவல் கொஞ்சம் தாமதமாகத் தலையிடுகிறது. வேல்ஸ் மலைச்சாலையில் அது அருமை. எங்கள் ஊர் மாலை நெரிசலில் அழுத்தினால் வண்டி குலுங்கிக் குலுங்கிப் போகிறது, பக்கத்தில் இருந்த மனைவி, "ஓட்டவே மறந்துவிட்டீர்களா?" என்று கேட்டாள்.

அடுத்தது ஸ்போர்ட் எக்ஸாஸ்ட், பொத்தானை அழுத்தினால் வண்டியின் சத்தத்தைக் கூட்டும் சைலன்சர். இந்த நாட்டில் குளிர்காலத்தில் சாலையெல்லாம் உப்புத் தூவுவார்கள். ஒன்பது குளிர்காலத்து உப்பும் என் சைலன்சர் போல்ட்டுகளில்தான் தங்கியிருந்தது. தலை எது, மரை எது என்று தெரியவில்லை; பழைய வெல்லக்கட்டிபோலப் பழுப்பாய் உருண்டு திரண்டிருந்தது. மூன்று நாள் காலையும் மாலையும் துரு இளக்கும் எண்ணெய் அடித்தேன். ஸ்பானரைப் போட்டு மெல்லத் திருப்பினேன். கொஞ்சம் இளகிற்று, சந்தோஷப்பட்டேன். இளகியது மரை இல்லை, போல்ட்டே முறுக்கிக்கொண்டிருந்தது. 'டக்' என்று தலை தனியாகக் கையோடு வந்துவிட்டது. மீதியைத் துளைபோட்டு எடுக்க இன்னும் இரண்டு நாள். இதைச் செய்கிறவர்கள் புது போல்ட்டுகளை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் பூட்டி வண்டியைக் கிளப்பினால் தெருவே அதிர்ந்தது. பொத்தானை அழுத்தினாலும் சரி, விட்டாலும் சரி, ஒரே சத்தம். ஃபியூஸைப் பார்த்தேன், ஒயரைப் பார்த்தேன், எல்லாம் சரியாகவே இருந்தன. பிறகுதான் இதன் வேலை பிடிபட்டது. சைலன்சருக்குள் இருக்கும் கதவு இயல்பாகத் திறந்தே இருக்கும். இன்ஜினிலிருந்து வரும் வெற்றிடம்தான் அதை இழுத்து மூடுகிறது. வெற்றிடம் போய்ச் சேராவிட்டால் கதவு மூடாது, சத்தமும் அடங்காது. பென்சில் கனத்தில் ஒரு ரப்பர் குழாய். அதை நான்தான் ஒழுங்காகச் சொருகவில்லை. இரண்டு நிமிட வேலை. அதைக் கண்டுபிடிக்க ஆன நான்கு நாளும், விடிகாலை ஷிஃப்டுக்கு நான் கிளம்பும்போதெல்லாம் எதிர்வீட்டு ஜன்னல் திரை விலகி மூடும்.

இன்னொன்று. காப்பீட்டு நிறுவனத்திடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள். அசல் பாகமே ஆனாலும், வண்டி பிறந்தபோது இல்லாதது என்றால் அவர்கள் கணக்கில் அது மாற்றம்தான்.

*

ஸ்டுட்கார்ட் அருகிலிருந்து

ஹாரோ அண்ணா, பாஸம் போடாமல் விட்டீர்களே, நல்லது. என்னுடையது போர்ஷே 911 வரிசையில் 997 என்ற தலைமுறையின் கரேரா, 325 குதிரைத்திறன். நான் அதற்கு விலை கேட்டேன். நான்கு ஷாக் அப்சார்பர்களை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைத்திருந்தேன். தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டி, உடல் எழும்பித் தாழ்வதை அளக்கும் உணரிகள், அவற்றுக்கெல்லாம் ஒயர், பொத்தான், அதன்பின் நீங்கள் சொன்ன அதே குறியீட்டெண் வேலை என்று பட்டியல் நீண்டுகொண்டே போயிற்று. விலை எழுதியவரே தாளை என் பக்கம் தள்ளிவிட்டு, "இதற்குப் பதில் பாஸம் உள்ள வண்டியாகப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்" என்றார். வண்டி 10 மில்லிமீட்டர் தாழ்வதற்கும் ஒரு பொத்தானுக்கும் அவ்வளவு பணமா?

நான் சாதாரண ஸ்போர்ட் சஸ்பென்ஷன் போட்டுக்கொண்டேன். ஒயர் கிடையாது, கணினிக்குத் தகவலும் தேவையில்லை. இங்கே இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை டியூவ் போன்ற அமைப்பிடம் வண்டியைக் காட்ட வேண்டும். பரிசோதகர் ஸ்பிரிங்கில் இருந்த எண்ணை டார்ச் அடித்துப் படித்து, காகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் விட்டார். காகிதம் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள்.

*

சிங்கப்பூரிலிருந்து

எனக்கு ஆசை வேறு. 997 கரேரா எஸ் வைத்திருக்கிறேன். அதற்குத் தொழிற்சாலை தந்த எக்ஸ்51 தொகுப்பு 355 குதிரைத்திறனை 381 ஆக்கும். பெயரளவில்தான் அது தொகுப்பு. சிலிண்டர் ஹெட், காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டு, புகை வெளியேறும் மேனிஃபோல்டு என்று பாதி இன்ஜினே மாறும். 26 குதிரைக்கு இன்ஜினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரிக்க மனம் வரவில்லை.

ஆனால் அதே தொகுப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒன்று உண்டு: உள்ளே தடுப்புகள் வைத்த, ஆழம் கூடிய எண்ணெய்த் தொட்டி. அதை மட்டும் வாங்கிப் போட்டேன். காரணம் மலேசியாவின் செபாங். அந்தப் பந்தயத் தடத்தின் ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர். அங்கே நீண்ட வளைவுகளில் வேகம் குறையாமல் திரும்பும்போது, தட்டில் சாய்ந்த ரசம்போல எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். உறிஞ்சும் குழாய் அந்த நேரத்தில் காற்றைக் குடிக்கும். தடுப்புகள் எண்ணெயைக் குழாயடியிலேயே பிடித்துவைக்கின்றன.

போட்ட பிறகு சத்தத்தில் மாற்றம் இல்லை, வேகத்திலும் இல்லை. எல்லையைக் கடக்க வேண்டுமென்றால் எங்களுக்கு முக்கால் தொட்டி பெட்ரோல் கட்டாயம். வரிசையில் நிற்கும்போது பெட்ரோல் முள்ளைப் பார்க்கிறேனோ இல்லையோ, ஆயில் அழுத்தத்தைக் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். செபாங்கில் போன மாதம் இருபது சுற்று ஓட்டினேன். வளைவில் அந்த முள் அசையவில்லை. எனக்கு அது போதும்.

*

மீண்டும் ஹாரோ

தம்பி, அந்தத் தொட்டியைப் பற்றி எனக்கு முன்பே சொல்லியிருந்தால் கடிகாரத்தின் பணம் மிச்சமாகியிருக்கும்!

சென்ற வாரம் நண்பர் ஒருவருக்காக இன்னொரு கேமன் எஸ் பார்க்கப் போயிருந்தேன். பிரேக் வட்டுகளைக் கவ்வும் கேலிப்பர்கள் மஞ்சள். மஞ்சள் என்றால் செராமிக் பிரேக். விற்பவரும் அதைச் சொல்லித்தான் விலையைக் கூட்டியிருந்தார், பின்னால் பொருத்தியது என்றார். முதல்நாள் இரவு நல்ல மழை. குனிந்து பார்த்தால் நான்கு வட்டுகளிலும் மெல்லிய துரு படர்ந்திருந்தது. செராமிக் துருப்பிடிக்காதே! மூடியைத் தூக்கி ஸ்டிக்கரைப் பார்த்தேன், செராமிக் பிரேக்கின் குறியீடான 450 இல்லை. பின்னால் பொருத்தியதற்கு ரசீது கேட்டேன், அதுவும் இல்லை. கேலிப்பரின் ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் லேசாகச் சுரண்டினேன். மஞ்சள் செதிலாக உரிந்தது. அடியில் எஸ் மாடலுக்கே உரிய சிவப்பு.