பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் புதிய கான்செப்ட்களாக மீட்டெடுப்பது தேவைதானா?

நான்காம் கியர் (கேள்வி):

புகழ்பெற்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் பெயரையும் சாயலையும் தாங்கிவரும் கான்செப்ட் கார்களை (ஒரு யோசனையைக் காட்டுவதற்காகச் செய்யப்படும் மாதிரிக் கார்களை) காணும்போது எனக்கு மகிழ்ச்சியும் ஐயமும் சேர்ந்தே எழுகின்றன. 1966-இல் அறிமுகமான மியூரா என்ற காரை, அதன் நாற்பதாம் ஆண்டையொட்டி, 2006 டெட்ராய்ட் கண்காட்சியில் லம்போர்கினி நிறுவனமே புதிதாக வடித்துக் காட்டியது. ஆனால் அது தங்கள் வரலாற்றைக் கொண்டாடுவதற்கு மட்டுமே என்றும், பழைய பாணியில் கார் செய்வது தங்கள் வேலையல்ல என்றும் தலைவர் ஸ்டெஃபான் விங்கெல்மான் சொல்லிவிட்டார். பதினைந்து ஆண்டுகள் கழித்து, இடையில் விலகித் திரும்பியிருந்த அதே விங்கெல்மானின் தலைமையில், கவுன்டாச் என்ற மற்றொரு பழைய காரின் பெயர் மீட்கப்பட்டு 112 கார்கள் மட்டும் தயாரிக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. முதல் முடிவு சரியா, இரண்டாவது முடிவு சரியா? உங்கள் கருத்துகளைக் காரணங்களுடன் எழுதுங்கள்.

வளைகோடு:

முதல் முடிவே சரி என்பேன். 1971-இல் ஜெனீவாவில் கவுன்டாச்சின் முதல் வடிவம் காட்டப்பட்டபோது, அதற்கு முன் வந்த எந்தக் காரையும் அது நினைவூட்டவில்லை. மியூராவின் வளைவுகளை வரைந்த மார்செல்லோ காந்தீனியே, அடுத்த காரில் அவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு ஆப்பு போன்ற வடிவத்தைக் கொண்டுவந்தார். தன் பழைய வெற்றியைத் திரும்பச் செய்ய மறுத்ததுதான் அந்தக் காரின் பெருமை. அப்படிப்பட்ட ஒன்றைத் திரும்பச் செய்வது அதை மதிப்பதாகாது. 2021-இன் புதிய கார், லம்போர்கினியின் வேறொரு காரான சியானின் அடிப்படையின் மேல் பழைய சாயலைப் போர்த்தியது. அதில் தனக்குப் பங்கில்லை என்றும், தான் போற்றிய புதுமை நாட்டம் அதில் இல்லை என்றும் காந்தீனி வெளிப்படையாகவே அறிவித்தார். ஒரு வடிவத்தைப் படைத்தவர் உயிரோடு இருந்து, இது என்னுடையதன்று என்று சொல்லும் நிலை எந்த நிறுவனத்துக்கும் அழகல்ல.

ஆயினும் எல்லா மீட்டெடுப்பையும் ஒரே தட்டில் வைக்க நான் தயாரில்லை. 1973-இல் தயாரிப்பாளர்களுக்கான முதல் உலக ராலி பட்டத்தை வென்ற ஆல்பைன் ஏ110, எஞ்சினின் பலத்தால் அன்றி எடைக்குறைவால் வென்ற கார். ரெனோ நிறுவனம் 2016-இல் கான்செப்டாகவும் மறு ஆண்டில் தயாரிப்புக் காராகவும் அதை மீட்டபோது, பின்னால் இருந்த எஞ்சினை நடுப்பகுதிக்கு மாற்றியது. கண்ணாடியிழை உடலைக் கைவிட்டு அலுமினியத்தைத் தேர்ந்தது. ஆனால் எடையைச் சுமார் 1,100 கிலோவுக்குள் அடக்கிவிட்டது. காற்றுப்பைகளும் மோதல் பாதுகாப்பும் கட்டாயமான காலத்தில் அது எளிய காரியமன்று. அந்தக் காரில் மீண்டது முகம் மட்டுமன்று, அந்தக் கார் எதற்காகப் பிறந்ததோ அந்த நோக்கமும்தான்.

இரும்புச் சட்டம்:

வளைகோடு அவர்களின் வாதம் நன்று, ஆனால் வடிவத்தை அவர் சற்று எளிதாகத் தள்ளிவிடுகிறார். பழைய வடிவத்தை இன்றைய விதிகளுக்கும் வேகங்களுக்கும் பொருத்துவதே பெரும் பொறியியல் வேலை. ஃபோர்டு ஜிடி40-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1966 முதல் 1969 வரை தொடர்ந்து நான்கு முறை லெ மான்ஸ் என்ற 24 மணி நேரப் பந்தயத்தில் வென்ற கார் அது, பெயரிலுள்ள 40 அதன் உயரத்தை அங்குலத்தில் குறிப்பது. 2002-இல் கான்செப்டாக வந்து, பின்னர் ஃபோர்டு ஜிடி என்று விற்பனைக்கு வந்த புதிய கார், பார்வைக்கு அதன் அச்சுப்படி போலத் தோன்றினாலும் ஏறக்குறைய 4 அங்குலம் கூடுதல் உயரம் கொண்டது. ஒரு தகடுகூட இரண்டுக்கும் பொதுவாகப் பொருந்தாது. பழைய வடிவம் அதிவேகத்தில் காரை மேலே தூக்கும் தன்மை உடையது என்பதால், வெளித்தோற்றத்தைக் கெடுக்காமல் காரின் அடிப்பகுதியில் காற்றோட்டத்தைத் திருத்தி அதைச் சரிசெய்தார்கள். இதைப் போர்வை என்று சொல்ல முடியுமா? மேலும் அதில் 4,000-க்கும் மேற்பட்ட கார்கள் தயாராயின. 112 பேருக்கான சேகரிப்புப் பொருளாக அது முடங்கவில்லை.

மடிப்பு விளக்கு:

விற்பனைக்கு வராத கான்செப்ட்களையும் வீண் என்று தள்ளிவிட வேண்டாம். இத்தாலிய வடிவமைப்பாளர் ஜுஜாரோ வடிவமைத்து 1974 டுரின் கண்காட்சியில் ஹூண்டாய் காட்டிய போனி கூப்பே தயாரிப்புக்கே வரவில்லை. அதை நினைவில் வைத்து 2022-இல் வந்த ஹூண்டாயின் ‘என் விஷன் 74’ (N Vision 74), ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் தரும் எரிபொருள் கலத்தையும் பேட்டரியையும் சேர்த்து ஓடும் சோதனைக் கார். அவ்வாறே, 1969-இன் மெர்சிடிஸ் சி111, பிஸ்டனுக்குப் பதில் சுழலும் பாகத்தால் இயங்கும் சுழல் எஞ்சினைச் சோதிக்கப் பிறந்தது; அதைப் போற்றி 2023-இல் வந்த விஷன் ஒன்-இலெவன் புதுவகை மின்மோட்டாரைக் காட்ட வந்தது. சோதனைக் காரை இன்னொரு சோதனைக் காராக மீட்பது எனக்கு மிகவும் நேர்மையாகத் தெரிகிறது.

நான்காம் கியர்:

இரும்புச் சட்டம் அவர்களே, அடிப்பகுதியைத் திருத்திய செய்தி என் எண்ணத்தை ஓரளவு மாற்றியது. இன்னொரு ஐயம் உண்டு. எல்லாம் மின்சாரத்துக்கு மாறும் காலத்தில் ஜாகுவார் இ-டைப் போன்ற ஒரு காரை மீட்டால், அந்த நீண்ட பானட்டுக்குள் எதை வைப்பார்கள்?

வளைகோடு:

அங்கேதான் வடிவம் பொய் சொல்லத் தொடங்குகிறது. 1961-இல் அந்த பானட் நீண்டிருந்ததற்குக் காரணம், ஆறு சிலிண்டர்களும் வரிசையாக நின்ற எஞ்சின் அதற்குள் இருந்தது. மின்மோட்டார் அச்சுகளுக்கு அருகிலும் பேட்டரி தரைக்கு அடியிலும் அமர்ந்துவிட்டால், முன்னால் மிஞ்சுவது பெட்டி வைக்கும் இடம் மட்டுமே. (ஜாகுவாரே 2017-இல் பழைய இ-டைப்புக்குள் மின்மோட்டார் பொருத்திக் காட்டியது, ஆனால் அது ஏற்கெனவே இருந்த உடல், அதைக் குறைகூற மாட்டேன்.) புதிதாகச் செய்பவர்களுக்கு மாஸ்டா எம்எக்ஸ்-5 காட்டிய வழி இருக்கிறது. 1960-களின் சிறிய, எடைகுறைந்த திறந்த கார்கள் தந்த ஓட்டும் இன்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, வேறொரு நிறுவனம், வேறொரு பெயரில், 1989-இல் அதைத் தொடங்கியது. எந்தப் பழைய பெயரும் இல்லாமலே நான்கு தலைமுறைகளாக அது விற்கிறது. ஜாகுவார் என்னைக் கேட்டால், இ-டைப்பின் பெயரைத் தொடாமல், சிறிய பேட்டரியும் குறைந்த எடையும் கொண்ட இருவர் காரைச் செய்யுங்கள், பானட் எவ்வளவு குட்டையாக வந்தாலும் சரி என்பேன்.