டிசிபியில் (தியேட்டரில் ஓட்டும் டிஜிட்டல் படக் கோப்புத் தொகுப்பில்) தமிழ் சப்டைட்டில் உடைகிறது, சனிக்கிழமை திரையிடல் (பினாங்கு)

வணக்கம். எங்கள் படம் மலேசியா, பிரான்ஸ் கூட்டுத் தயாரிப்பு, 97 நிமிடம். வரும் சனிக்கிழமை ஜார்ஜ்டவுனில் விழாத் திரையிடல். வசனம் ஹொக்கியனிலும் பிரெஞ்சிலும். படப்பிடிப்புக்கு இடம் கொடுத்த தோட்டத்துப் பாட்டிமார் பார்க்க வருகிறார்கள்; தமிழ் வரிகள் அவர்களுக்காகத்தான்.

நேற்று தியேட்டரில் போட்டுப் பார்த்தோம். ‘போதும்’ என்ற சொல்லில் இரட்டைக் கொம்பு பகரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. மகரத்தின் புள்ளி தலையில் இல்லை, பக்கத்தில் மிதக்கிறது. மலாய், ஆங்கில வரிகள் நன்றாகவே வருகின்றன.

லதா எழுத்துருவை எடுத்துவிட்டு நோட்டோ சான்ஸ் தமிழ் போட்டோம். இண்டராப் என்ற பழைய டிசிபி வடிவத்தில் எழுத்துருவுக்கு 640 கேபிதான் எல்லை என்பதால் அப்புறம் எஸ்எம்பிடிஇ என்ற புதிய வடிவத்துக்கும் மாற்றினோம். அதே நிலைதான். லேப்டாப்பில் டிசிபி உருவாக்கும் மென்பொருளான டிசிபி-ஓ-மேட்டிக்கில் எல்லாம் சரியாக இருக்கிறது, ஆகவே தியேட்டர் சர்வருக்குத்தான் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

காட்சியோடு பதித்துவிடலாம். ஆனால் ஒப்பந்தப்படி படத்தைத் தொட பாரிஸ் தயாரிப்பாளரின் கையெழுத்து வேண்டும், அதற்கு நாள் போதாது.

தமிழ் வரிகளைப் பிஎன்ஜி படங்களாக்கி, தனி விஎஃப் (மூல டிசிபியோடு சேர்ந்து ஓடும் கூடுதல் பதிப்புக் கோப்பு) ஆகக் கொடுத்து, பினாங்கிலோ கோலாலம்பூரிலோ திரையில் சரியாக ஓட்டிய அனுபவம் யாருக்காவது இருக்கிறதா?