மூத்தவர் எழுதிய சிறுகதைக்கு எப்படிக் கருத்துச் சொல்வது?

தென்னாப்பிரிக்காவில் உள்ள டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில், தமிழில் எழுதிய கதைகளைக் கூடிப் படித்துத் திருத்திக்கொள்ளும் ஒரு சிறு குழுவில் நானும் இருக்கிறேன். எங்களுள் மூத்தவரான ஓர் அக்கா, 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து இங்கு வந்திறங்கிய ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பற்றி ஏறத்தாழ 2,000 சொற்களில் ஒரு சிறுகதை எழுதியிருக்கிறார். வரும் நவம்பர் நினைவு நாளுக்குள் அது முடிய வேண்டும்.

பாதிக் கதை வரை வரலாற்றுச் செய்திகளே வருகின்றன. கதைநாயகி கரும்புத் தோட்டத்தில் அடியெடுத்து வைக்கும்போதுதான் எழுத்துக்கு உயிர் வருகிறது. அதுவும் ஒரு பக்கத்தில் முடிந்துவிடுகிறது. அந்தப் பக்கம் உண்மையிலேயே அருமையானது.

ஓரக்குறிப்புகள் எழுதிக் கொடுத்தேன். எழுத்துப்பிழைகளை மட்டும் திருத்தினார். முதலில் பாராட்டிவிட்டுப் பிறகு குறையைச் சொன்னபோது, பாராட்டு மட்டுமே அவர் காதில் விழுந்தது. தீர்ப்பாகச் சொல்லாமல், “இந்த இடத்தில் அவளுக்கு என்ன வேண்டும், அக்கா?” என்று கேட்டதற்கு வாய்மொழியாக அழகான பதில் சொன்னாரே தவிர, கதையில் சேர்ந்தது இன்னொரு வரலாற்றுப் பத்திதான். வேறொருவரை உரக்கப் படிக்க வைத்ததில், கேட்டவர்கள் எங்கே சலிப்படைந்தார்கள் என்பது எனக்குப் புரிந்தது, அவருக்குப் புரியவில்லை. நானே ஒரு பத்தியை மாற்றி எழுதிக் காட்டினால் அது என் கதையாகிவிடும் என்பதால், அவ்வழியை நான் விரும்பவில்லை.

எழுதியவரின் குரலைக் கெடுக்காமல், அமைப்பையே மாற்ற வேண்டும் என்பதை அவர் ஏற்றுத் திருத்தும்படி எடுத்துரைக்க, உங்களுக்குக் கைகொடுத்த வழி எது?