அரசவீட்டுச் சோறு: ‘குழூஉக்குறி’ என்ற பெயர் போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

சிறை செல்வதைக் குறிக்கும், ஹாங்காங்கில் பேசப்படும் கன்டோனீய மொழித் தொடர்களை ‘கொச்சை’ என்ற தலைப்பில் வைக்கலாம் என்று நேற்று எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. கொச்சை என்றால் சிதைந்த வடிவம். ‘சிக் வோங் கா ஃபான்’ என்பதில் எது சிதைந்திருக்கிறது? சிக் என்றால் உண், வோங் கா அரசகுடும்பம், ஃபான் சோறு. அரசவீட்டுச் சோறு உண்ணுதல்! ஹாங்காங் பிரித்தானிய முடியின் கீழ் இருந்தபோது சிறையும் அரசருடையது, தட்டில் விழும் சோறும் அரசருடையது. 1997இல் முடியாட்சி போய்விட்டது. சோறு மட்டும் பேச்சில் தங்கிவிட்டது.

‘சோ காம்’, அதாவது சிறையில் உட்கார்தல், அன்றாடப் பேச்சு. அதற்கு வகைப்பெயரே வேண்டாம்.

அடுத்து வந்த ‘குழூஉக்குறி’, அதாவது ஒரு குழுவினர் தமக்குள் மட்டும் புரியும்படி வைத்துக்கொள்ளும் மறைபெயர், நல்ல யோசனைதான். ‘யாப் சாக்’ என்பதற்கு, அதாவது ஏட்டில் ஏறுதல் என்பதற்கு, அது பொருந்தும். ஆனால் பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது எதிரே இருப்பவருக்குப் புரியக் கூடாது என்பதற்காக. அரசவீட்டுச் சோறோ ஹாங்காங்கில் எல்லாருக்கும் புரியும். மறைப்பு நோக்கம் இல்லாதபோது அந்தப் பெயர் எப்படி நிற்கும்?

நன்னூல் குழூஉக்குறியுடன் சேர்த்துச் சொல்லும் மங்கலமும், அதாவது மங்கலமல்லாததை மங்கலச் சொல்லால் குறிப்பதும், ஒட்டவில்லை. செத்தாரைத் துஞ்சினார் என்பதில் பரிவு இருக்கிறது. சிறையை ‘ஃபா தெங்’, பூங்கூடம், என்பதில் இருப்பது குறும்பு. நாம் ‘மாமியார் வீடு’ என்கிறோமே, அதே குறும்பு.

என் பரிந்துரை: அவிழ்குறி. ஒரு குழுவுக்குள் முடிந்து வைத்ததுபோல் ஒலித்தாலும் ஊரறிய அவிழ்ந்து கிடக்கும் சொல். வினைத்தொகையாதலால் அவிழ்ந்தது, அவிழ்கின்றது, இனி அவிழ்வது மூன்றையும் தாங்கும். ‘யாப் சாக்’கும் ஒருநாள் இதில் சேரக்கூடும். ‘கம்பி எண்ணுதல்’, ‘களி தின்னுதல்’ ஆகியவற்றையும் இங்கேயே வைக்கலாம். ‘பரவல் வழக்கு’ என்றும் எண்ணிப்பார்த்தேன். அதில் முடிச்சின் நினைவே இல்லை.

அவிழ் என்பதற்குச் சோற்றுப் பருக்கை என்ற பொருளும் உண்டே, குழப்பாதா என்று யாரேனும் கேட்கலாம். இந்தப் பதிவுக்கு அந்தப் பொருளையும் மகிழ்ச்சியோடு ஏற்பேன்.