தொடங்காத கணினியிலிருந்து கோப்புகளை மீட்க உதவி தேவை

கேள்வி (திருத்துறைப்பூண்டி)

அனைவருக்கும் வணக்கம். நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன். எங்கள் பகுதி வாய்க்கால்கள், மதகுகள், அவற்றின் பழைய பெயர்கள், தண்ணீர் முறை வைத்த வழக்கங்கள் ஆகியவற்றை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுப் பதினோரு ஆண்டுகளாகத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். சென்ற வாரம் மழை இரவில் மின்சாரம் மூன்று முறை போய்ப் போய் வந்தது. அதன் பிறகு விண்டோஸ் 10 உள்ள என் மேசைக் கணினி, ஆட்டோமேட்டிக் ரிப்பேர் என்ற திரை வரை வந்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது. ஃபார்மட் செய்தால் ஓடும், உள்ளிருப்பவை போய்விடும் என்கிறார் கடைக்காரர். கணினி போனாலும் போகட்டும், குறிப்புகள் வேண்டும். கடைசியாக நகல் எடுத்தது 2018இல், கஜா புயலுக்குச் சில நாள் முன்பு.

மறுமொழி (கும்பகோணம்)

ஐயா, ஃபார்மட் செய்ய எவருக்கும் இசைவு தராதீர்கள். விண்டோஸ் எழும்பவில்லை என்பதாலேயே வட்டில் உள்ள கோப்புகள் அழிந்துவிட்டன என்று பொருளில்லை. முதலில் காதை வைத்துக் கேளுங்கள்: ஹார்ட் டிஸ்க் 'டிக் டிக்' என்று ஒரே சீராகத் தட்டினால் உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தரவு மீட்பையே தொழிலாகச் செய்பவரிடம் கொடுங்கள், ஒவ்வொரு முறை இயக்கும்போதும் சேதம் கூடும்.

ஒலி இல்லையெனில், வேறொரு கணினியில் லினக்ஸ் மின்ட்டை (விண்டோஸுக்கு மாற்றாக, பென் டிரைவிலிருந்தே ஓடக்கூடிய இலவச இயங்குதளம்) பதிவிறக்கி, ரூஃபஸ் என்ற செயலியால் 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றுங்கள். அந்தப் பென் டிரைவில் இருப்பவை அழிந்துவிடும் என்பதால், 2018ஆம் ஆண்டு நகல் உள்ளதைத் தயவுசெய்து பயன்படுத்த வேண்டாம். பிறகு உங்கள் கணினியில் அதைச் செருகி, இயக்கும்போதே எஃப்12 விசையை (சிலவற்றில் எஃப்9 அல்லது எஸ்கேப்) அழுத்தி அதிலிருந்து தொடங்குங்கள். திரையில் 'இன்ஸ்டால்' என்றொரு படம் தெரியும்; அதைத் தொடவே கூடாது. கோப்பு மேலாளரில் பழைய வட்டைத் திறந்து, யூசர்ஸ் அடைவில் உங்கள் பெயரிலுள்ளதை அப்படியே வெளி வட்டுக்கு நகலெடுங்கள். வட்டில் எழுத முடியாது, படிக்க மட்டுமே முடியும் என்று செய்தி வந்தால் அஞ்ச வேண்டாம். நமக்குத் தேவை படிப்பதுதான். 48 இலக்கத் திறவெண் கேட்டால் அது பிட்லாக்கர் என்ற, விண்டோஸ் வட்டுக்குப் போடும் பூட்டு. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. தட்டும் ஒலி இல்லை, திறவெண்ணும் கேட்கவில்லை. பேரனின் துணையோடு எல்லாவற்றையும் நகலெடுத்தேன். ஆனால் கோப்புகளைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் குப்பையாகத் தெரிகிறது. கோப்புகள் கெட்டுவிட்டனவா?

மறுமொழி (மன்னார்குடி)

அரைப்புள்ளிகள் என்றதும் ஐயம் தீர்ந்தது. நீங்கள் பாமினி எழுத்துருவில் தட்டியிருக்கிறீர்கள், அல்லவா? அதில் புள்ளி வைப்பதற்கு அரைப்புள்ளி விசைதான். கோப்பினுள் இருப்பது ஆங்கிலக் குறியீடு. எழுத்துரு இருந்தால்தான் அது தமிழாகத் தெரியும், லினக்ஸில் அது இல்லை. கோப்பு கெடவில்லை. பழைய வட்டில் விண்டோஸ் அடைவுக்குள் ஃபான்ட்ஸ் என்றொரு அடைவு உண்டு. அதிலிருந்து பாமினி கோப்பையும் நகலெடுத்து, கோப்புகளைத் திறக்கப்போகும் கணினியில் நிறுவுங்கள். பின்னர் என்.எச்.எம். கன்வர்ட்டர் என்ற செயலி கொண்டு ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றிவிட்டால், எழுத்துருவைத் தேடி அலையும் தொல்லை இராது.

கேள்வி கேட்டவர்

பாமினிதான். பேரனின் மடிக்கணினியில் எழுத்துருவை நிறுவியவுடன் முதலில் திறந்த கோப்பு கோரையாற்று மதகுகளின் பட்டியல். ஒரு பெயரும் குறையவில்லை. ஒருங்குறிக்கு மாற்றி, இரண்டு வெளி வட்டுகளில் வைத்த பிறகே கணினியைக் கடைக்கு அனுப்புவேன்.